காதர் திருகாத கம்பி

காதர் மொய்தீன் இறந்த செய்தி எனக்குப் பேருந்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கல்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குப் பந்தயத்துக்காகப் போய்க்கொண்டிருந்தேன். மாமல்லபுரம் தாண்டியதும் கைபேசியில் நம் பாய்மரப் படகுக் கிளப்பின் குழுவைத் திறந்தேன். செயலாளர் எழுதியிருந்தார்: 'நம் கிளப்பின் நீண்டகால உதவியாளர் காதர் அண்ணன் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்.' அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

உதவியாளராம். பதினெட்டு ஆண்டுகள் அவர் இந்தக் கிளப்பின் உறுப்பினர். ஏழாம் எண் படகில் நான் சுக்கான் பிடித்தேன், அவர் முன்னால் உட்கார்ந்து பாயைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு உதவியாக நான்தான் இருந்தேன் என்று சொன்னாலும் தவறில்லை.

அந்தச் செய்தியை எழுதிய அதே கை, ஏழு மாதங்களுக்கு முன் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியது. காதர் மொய்தீன் இந்தப் பருவம் முழுவதும் எந்தப் படகின் பாயையும் கம்பியையும் தொடக் கூடாது, யாருக்கும் யோசனையும் சொல்லக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அடக்கம் முடிந்து நான் கிளப்புக்குப் போனபோதும் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய படத்தை மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தார்கள்.

இரங்கல் கூட்டத்தில் என்னை இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வேண்டியது இரண்டு நிமிடத்தில் அடங்காது. அதனால் எழுதுகிறேன். காதரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் படியுங்கள்.

கோவளம் கடைத்தெருவில் திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தே அது எத்தனை வெயில் பார்த்தது என்று சொல்லிவிடுவார். எங்கள் படகுக்கு இரண்டு பெரிய பாய்கள் உண்டு. ஒன்று புதியது, விறைப்பானது, தட்டையாக நிற்கும். மற்றது பழையது, காற்று பட்டதும் நடுவில் தொப்பை போடும். பலத்த காற்றுக்குத் தட்டைப் பாய், மெல்லிய காற்றுக்குத் தொப்பைப் பாய் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. காதர் அந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். எல்லோரும் கரையில் நின்று கொடி பறப்பதைப் பார்க்கும்போது, அவர் முழங்கால் தண்ணீரில் நின்று அலையைப் பார்ப்பார். "காத்த அப்பால பாரு, தண்ணிய முதல்ல பாரு" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும்.

ஒரு முறை நல்ல காற்று. எல்லாப் படகிலும் தட்டைப் பாய் ஏறிவிட்டது. ஆனால் முந்தைய நாள் அடித்த காற்றின் மிச்சம் கடலில் இருந்தது. அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வந்தன. காதர் பழைய பாயை எடுத்தார். நான் தடுத்தேன்.

"அலை மேல ஏறணும்னா பாய்க்கு வயிறு வேணும் அண்ணாத்த. பட்டினியா கீறவன் மாடி ஏறுவானா?"

அன்று மற்ற படகுகள் ஒவ்வொரு அலையிலும் முட்டி நின்றன. நாங்கள் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தோம். கோப்பை எங்களுக்கு வந்தது. அதில் என் பெயரை மட்டும் பொறித்தார்கள். சுக்கான் பிடித்தவன் பெயரைத்தான் பொறிப்பார்களாம். அப்போதே நான் அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்து நிறுத்தும் கம்பிகளைச் சரிசெய்வதும் அவர் வேலைதான். கம்பியை இறுக்கினால் பாய் தட்டையாகும். தளர்த்தினால் அலையைத் தாண்டும் வலு கிடைக்கும். எவ்வளவு என்பதில்தான் எங்கள் சண்டை. எனக்குப் படகோட்ட யாரும் கற்றுத் தரவில்லை. நாற்பது வயதுக்குமேல் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கில நூலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துக் கற்றவன் நான். எந்தக் காற்றுக்கு எத்தனை சுற்று என்று அதில் அட்டவணை இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுத்ததில்லை. "அந்தப் பொஸ்தகம் எழுதினவன் கோவளத்துல ஒரு நாளாச்சும் குளிச்சிருக்கானா?" என்று கேட்பார் காதர். பதினெட்டு ஆண்டுகள் இப்படித்தான் ஓட்டினோம்.

நம் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கரையிலேயே கம்பியைத் திருகிச் சரிசெய்து, எத்தனை சுற்று என்று பதிவேட்டில் எழுதி, திருகியவர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கம்பியின் அடியில் உள்ள திருகாணியின்மேல் சிவப்பு டேப் சுற்றிவிடுவோம். படகு கரைக்குத் திரும்பும் வரை யாரும் அதைத் தொடக் கூடாது.

சென்ற பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் காதர் என் அட்டவணையைவிட மூன்று சுற்று தளர்வாக விட்டுக் கையெழுத்துப் போட்டார். தண்ணீரில் இறங்கியதும் காற்று கூடியது. எனக்குப் பொறுக்கவில்லை. சுக்கானை அவர் கையில் கொடுத்துவிட்டு, காற்று படாத பக்கத்தில் தொய்ந்து கிடந்த கம்பியின் டேப்பைக் கிழித்தேன்.

"வேணாம் அண்ணாத்த. கையெழுத்து என்னுது."

"ஓட்டறவன் நானு" என்றேன்.

மூன்று சுற்று திருகினேன். படகைத் திருப்பச் சொல்லி, மறுபக்கமும் மூன்று சுற்று திருகினேன். செய்தவன் நான். இத்தனை மாதங்களில் இதை நான் எங்கும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

படகு ஒவ்வொரு அலையிலும் முட்டியது. நான்காவதாக வந்தோம். விதியையும் மீறினேன், தோற்கவும் தோற்றேன். கரையில் பக்கத்துப் படகுக்காரர் கிழிந்த டேப்பைப் பார்த்துப் புகார் கொடுத்தார்.

கொட்டகையில் கமிட்டி கூடியது. எனக்கு நாற்காலி போட்டார்கள். காதரை நிற்க வைத்தார்கள். பதிவேட்டில் உள்ள கையெழுத்து இவருடையதுதானே என்றார் செயலாளர். படகை ஓட்டிய என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைக்காரர் செய்திருப்பார், படித்த பெரியவர் செய்திருக்க மாட்டார் என்று அவர்கள் உள்ளே வரும்போதே முடிவு செய்திருந்தார்கள்.

"நான்தான் திருகினேன்" என்றார் காதர்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன். அவர் பார்வைமேல் பழி போட மாட்டேன். வாய் என்னுடையது.

வெளியே வந்து தேநீர்க் கடையில் அவரிடம் கத்தினேன். எனக்காகப் பொய் சொல்ல உன்னை யார் கேட்டது என்றேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"உன்ன நிறுத்திட்டா நீ வூட்ல குந்தியே செத்துடுவ. எனக்குக் கடை கீது. உனக்கு எப்ப தோணுதோ அப்ப சொல்லிக்கோ. அவசரம் இல்ல."

தண்டனை அதிகம், அவருடைய அனுபவத்தை எண்ணிப் பாருங்கள் என்று கமிட்டிக்கு மூன்று மனு எழுதினேன். காரசாரமான மனுக்கள். எழுத வேண்டிய ஒரே வரி மட்டும் மூன்றிலும் இல்லை.

தடை இருந்த இந்தப் பருவத்திலும் காதர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். கிளப்பின் சவுக்கு வேலிக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் இரண்டு பாயையும் மணலில் விரித்துப் போட்டுவிட்டு நான் அவரைப் பார்த்தேன். "நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. கடல்தான் கத்திக்கினு கீதே, உனக்குக் காது இல்ல?" என்றார். பழைய பாயை எடுத்தேன்.

இன்னொரு நாள் மணலில் கிடந்த பாயைக் காற்று தூக்கிக்கொண்டு போய் வேலி ஓரத்தில் அவர் காலில் சுற்றிவிட்டது. அவர் குனியவில்லை. பின்னால் கட்டிய கையை எடுக்கவில்லை. யாராவது வந்து எடுக்கும் வரை அப்படியே நின்றார். கமிட்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காதர்மேலும் எனக்குக் கோபம்தான். எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல் என்றவர், எனக்குத் தோன்றும் வரை இருந்திருக்க வேண்டும். அடக்கத்தின்போது குழியில் மண் போட்டுக்கொண்டே அதைத்தான் அவரிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற செயலாளர், நான் பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்துத் தலை குனிந்தார்.

கூட்டத்தில் எழுந்து நின்று மௌனம் காக்கப் போகிறீர்களாம். வேண்டாம். ஒரு பருவம் முழுக்க நான் காத்த மௌனம் போதும். அந்த நேரத்தில் இதை உரக்கப் படியுங்கள். படித்துவிட்டுப் பலகையிலிருந்து அந்தத் தாளைக் கிழியுங்கள். பதிவேட்டில் அன்றைய பக்கத்தை எடுத்து, கம்பியைத் திருகியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள். அதே தண்டனையை எனக்குக் கொடுங்கள். எனக்கு நாற்காலி போட வேண்டாம்.

காதரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அந்தச் சவுக்கு வேலிக்கு வெளியே அவர் நின்ற இடம். வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கே நான் நிற்பேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி.