ஏழாவது பாயிண்டு

கைடு என்றாலே எனக்கு எரிச்சல். வகுப்பில் யார் கையிலாவது பார்த்தால் பிடுங்கி என் மேசைக்குள் போட்டுப் பூட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான் பத்தாம் வகுப்பு உயிரியலுக்கு ஒரு கைடு எழுதினேன் என்றால், எல்லாம் என் வாய்க்கொழுப்பு.

திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியின் மாடியில் இருந்துகொண்டு ஒருவர் கைடு போட்டு விற்று வந்தார். அவருடைய போன வருடப் புத்தகம் முழுக்கச் சிவப்பு மையால் சுழித்து, நேரில் போய் அவர் முன்னால் வீசினேன். மனிதர் அசரவில்லை.

"இம்புட்டுத் தெரிஞ்சவுக நீங்களே எழுதிக் குடுங்களேன் டீச்சர்" என்றார்.

ரோஷத்தில் ஒத்துக்கொண்டேன். என் பெயர் வரக்கூடாது, அச்சுக்குப் போகும் முன் நான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். முதலாவதை மட்டும் காப்பாற்றினார். அட்டையில் 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று இருந்தது. அந்தக் குழுவில் நான் ஒருத்திதான்.

எழுதிய நாளெல்லாம் சண்டை. ரத்தம் இதயத்துக்குள் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று புரியும்படி ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், போனில் கத்துவார்.

"புரியணும்னு யாரு கேட்டா? ஏழு மார்க்குக்கு வரிசையா பாயிண்டு போடுங்க. பிள்ளைக அப்படியே மனப்பாடம் பண்ணிரும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை ஆறு பாயிண்டாக உடைத்தேன். அதற்குக் கீழே, படம் வர வேண்டிய இடத்தில், அவர் பார்ப்பதற்காகக் கையால் ஒரு குறிப்பு எழுதினேன். "பழைய படம் வேண்டவே வேண்டாம். அது இதயமா, கத்தரிக்காயா?"

புத்தகம் வந்தது. எனக்கு அனுப்பிய பிரதியை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதை எழுதினோம் என்பதே கேவலமாக இருந்தது.

ஜனவரியில் முதல் திருப்புதல் தேர்வு. அறிவியல் தாள்களை நான்தான் திருத்தினேன். சாணார்பட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணின் தாளில், இதயத்தின் அமைப்புக்கான ஆறு பாயிண்டும் ஒரு சொல் பிசகாமல் இருந்தன. ஏழாவது பாயிண்டு: பழைய படம் வேண்டவே வேண்டாம். அது இதயமா, கத்தரிக்காயா? அதற்குக் கீழே அதே பழைய படத்தை அழகாக வரைந்து பாகங்களும் குறித்திருந்தாள்.

டைப் அடித்தவர் என் குறிப்புக்கும் ஒரு எண் போட்டுச் சேர்த்திருக்கிறார். யாரும் படித்துப் பார்க்காமல், பழைய படத்தையும் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. கைடுக்காரர் எதிரில் இல்லை, இவள் தாள் இருந்தது. முட்டை போட்டேன். ஓரத்தில் 'மூளை எங்கே?' என்று வேறு எழுதினேன். ஆறு பாயிண்டு சரி என்று தெரிந்தேதான் அப்படிச் செய்தேன். அந்த முட்டையால் அவள் தேறாமல் போனாள்.

எங்கள் பள்ளியில் தேறாத பிள்ளைகள் வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வந்து தலைமையாசிரியை முன்னால் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் வகுப்புக்குள் விடுவோம். தாளைக் கொடுத்த மறுநாள் அவள் அம்மா வந்தார். பூப்பறிக்கும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். சேலை முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது.

"எம்மக மூளை எங்கன்னு கேட்டிருந்தீகளாமே" என்றார். கட்டைப்பையிலிருந்து அந்தக் கைடை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுல இருக்கறதத்தான் எழுதுனேங்கிறா. எனக்குப் படிக்கத் தெரியாது. இருக்கா இல்லையான்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

தலைமையாசிரியையும் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் சுவரோரம் தலைகுனிந்து நின்றிருந்தாள். நான் படித்தேன். ஆறு பாயிண்டு வரை வந்தது. அதற்கு மேல் வாய் வரவில்லை.

அவள் அம்மாவே சொன்னார். "பழைய படம் வேண்டவே வேண்டாம். அது இதயமா, கத்தரிக்காயா. இவ ஒப்பிச்சு ஒப்பிச்சு எனக்கே பாடமாயிருச்சு. சரியாத்தான எழுதியிருக்கா? எந்தக் கூறுகெட்ட ஆளு டீச்சர் இத எழுதுனது?"

யாரோ எழுதியது என்று சொல்லிவிட்டிருக்கலாம். அட்டையில் என் பெயர் இல்லை. தலைமையாசிரியைக்கும் தெரியாது. அந்தப் பெண் மட்டும் சுவரோரமே நின்றிருப்பாள்.

"நான்தான்" என்றேன்.

அந்தப் பெண்ணிடமிருந்து தாளை வாங்கி முட்டையை அடித்து ஆறு போட்டேன். ஓரத்தில் எழுதியிருந்ததையும் அடித்தேன். அவள் அம்மா தாளைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மக தப்புப் பண்ணான்னு நான் வந்து நின்னேன். நீங்க யாரக் கூட்டிட்டு வருவீக டீச்சர்?"