கோபுரத்துக்காரியின் மேனேஜரம்மா

ஆட்டிடம் நாலு வார்த்தை பேசாமல் கோபுரத்துக்காரி பல் விளக்குவதில்லை. “என்ன மேனேஜரம்மா, ராத்திரி தூங்குனீங்களா?” என்று கேட்டபடியே மடியைக் கழுவுவாள். ஆடு முறைக்கும். “சரி சரி, லேட்டுதான். சம்பளத்துல புடிச்சுக்கோங்க.”

கோடை முழுவதும் மலையுச்சிக் கோபுரத்தில் தனியாக இருந்து காட்டுத்தீயைக் கண்காணிப்பது அவள் வேலை. எங்கே புகை எழுந்தாலும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட வேண்டும். மழை பிடித்ததும் ஆட்டோடு கீழே தங்கை வீட்டுக்கு வந்துவிடுவாள்; கண் மட்டும் இறங்கி வராது. பேருந்தில் போகும்போதுகூடத் திடீரென்று எழுந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு உட்காருவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் தங்கள் பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

மேலே அவளுக்குத் துணை இந்த வெள்ளாடு ஒன்றுதான். ஒரு கோடையில் ஜுரம் கண்டு படுத்துவிட்டாள். வயர்லெஸ் கரகரத்தபோது, “எல்லாம் சரிதான்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கை நீளவில்லை. கோபுரத்தடியில், பால் கட்டிய மடியோடு ஆடு கத்தத் தொடங்கியது. விடாமல் கத்தியது. வாயில் வந்த வசவையெல்லாம் அதன்மேல் கொட்டிக்கொண்டே, படிக்குப் படி உட்கார்ந்து இறங்கினாள். கறந்தாள். கறந்ததைக் குடித்தாள். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் தானும் முகம் கழுவிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வயர்லெஸ்ஸை எடுத்து, “என்னால முடியல, ஆள அனுப்புங்க” என்று உண்மையைச் சொன்னாள்.

இந்தக் கோடைக்குப் புதிதாக வந்திருக்கும் வனச்சரகர், ஆடு கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், அவர் சொல்லும் காரணமும் நியாயமானதுதான். அவளை மலைக்கு அழைத்துப்போக ஜீப்போடு வந்தவர், தங்கை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்.

“ஆட்டு வாடைக்குச் சிறுத்தை வரும்மா. உங்க உயிருக்காகத்தான் சொல்றேன்.”

“வரும் சார். போன வருஷம்கூட வந்துச்சு. தகரத்தத் தட்டித் தொரத்துனேன். அடுத்த தடவ போகுமான்னு தெரியாது.”

“அப்புறம் என்ன? பேச்சுத்துணைக்கு வயர்லெஸ் இருக்கு. எப்படி இருக்கீங்கன்னு தினமும் நானே கேக்குறேன்.”

“நீங்க கேப்பீங்க. நல்லா இருக்கேன்னு நான் சொல்லுவேன். அன்னைக்கு ஜுரத்துலயும் அதத்தான் சொன்னேன். ஆட்டுக்கிட்ட அந்தப் பொய்யெல்லாம் செல்லாது சார். அதுக்குப் பசிக்கும்.”

உள்ளிருந்து தங்கை வந்தாள். “ஒரு ஆட்டுக்காக வேலைய விடுவியாக்கா? கோடை பூரா இங்கயே கெடந்தா ரெண்டே நாள்ல என்கூடச் சண்டை போடுவ.”

“ரெண்டு நாள் எதுக்குடி, இப்பவே போடுறேன் வா.”

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த உச்சியைத் தவிர வேறெங்கும் அக்காவுக்கு மூச்சு முழுதாக இறங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

வனச்சரகர் எழுந்தார். “ஆட்ட ஜீப்புல ஏத்த முடியாதும்மா. நீங்களே முடிவு பண்ணுங்க.”

கோபுரத்துக்காரி இடுப்பில் செருகியிருந்த கோபுரச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் கை முன்னே வரவில்லை. கொல்லையில் ஆடு குரல் கொடுத்தது. அவள் சாவியை நாற்காலிமேல் வைத்துவிட்டு, மூலையில் கிடந்த தழைக்கட்டிலிருந்து இரண்டு கை அள்ளிக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள்.