தடம் விழாத மைதானம்

பண்டாரவளைச் சந்தையில் லீக்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மருதமுத்துவின் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றாள். எடுத்த லீக்ஸை அப்படியே போட்டுவிட்டு பஸ் பிடித்தேன். வழியெல்லாம் மழை. மழையைக் கண்டாலே அவன் முகம் போகும் கோணலை நினைத்ததும், அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்துவிட்டது.

அவன் எங்கள் தோட்டத்து டிராக்டர் டிரைவர். நான் தோட்டத்துக் கிரிக்கெட் குழுவின் செயலாளர். என்னோடு அங்கே விளையாடிய உங்களுக்குத் தெரியும், மைதானம் நமக்கு இரவலாகக் கிடைத்த இடம். நிலம் கெட்டால் தேயிலைக் கன்று நட்டுவிடுவேன் என்று சொல்லித்தான் தோட்டத்தை நடத்தும் தொரை கொடுத்தார். மலை ஊற்றுத் தண்ணீரோ முழுக்க அங்கேதான் இறங்கும். டிராக்டர் ஒருமுறை புதைந்தால் போதும், மைதானம் போயிற்று.

மருதமுத்து அங்கே டிராக்டரில் புல் வெட்டுவதே ஓர் அழகு. முதலில் வெறுங்காலோடு முழுவதும் நடப்பான். விரலிடுக்கில் தண்ணீர் ஏறும் இடத்தில் குச்சி நடுவான். டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவான். ஏறிவிட்டால் நடுவில் நிறுத்த மாட்டான், போன தடத்தில் மறுபடி போக மாட்டான், ஓரத்துக் கெட்டித் தரைக்கு வந்துதான் வண்டியைத் திருப்புவான். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால், "மண்ணே சொல்லும் மச்சான், நீ வாய மூடிட்டு இருந்தா" என்பான். நான் வாயை மூடுகிற ஆளா?

ஒரு தீபாவளி ஆட்டத்துக்கு முதல் நாள், கீழ் மூலையை மட்டும் வெட்டாமல் வண்டியை ரோட்டுக்கு ஏற்றிவிட்டான். தெமோதரைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், இங்கே முழங்கால் உயரத்துக்குப் புல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மானம் போவுதுடா. அதையும் வெட்டிட்டுப் போ."

"புதைஞ்ச வண்டிய எடுக்க ஆள் கூப்புடலாம் மச்சான். மைதானத்த எடுத்துத் தர யார கூப்புடுவ?"

மறுநாள் அந்தப் புல்லுக்குள் பந்து போனால் இரண்டு ஓட்டம் என்று சட்டம் போட்டோம். பாதி நேரம் பந்து தேடுவதிலேயே போனது. வந்தவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள். மாலையில் ஒன்றுமே நடக்காதது போல என் லயத்து வீட்டுக்கு வந்து பிளேன்டீ கேட்டான். சண்டையை வீட்டுக்குக் கொண்டுபோகத் தெரியாத மனிதன்.

அவனை எடுத்த அன்றும் மழை விடவில்லை. பையன்கள் அவன் ஓட்டிய டிராக்டரையே பூவால் ஜோடித்து, பெட்டியைப் பின்னால் ஏற்றியிருந்தார்கள். "கடைசியா மைதானத்த ஒரு சுத்து சுத்தி கொண்டுபோவோம் மாமா" என்றார்கள். ஆசை எனக்கும் இருந்தது. ஆனாலும் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"வேணாம். எறக்குங்க."

"இன்னைக்கு கூடவா மாமா?"

"இன்னைக்குத்தான்டா கண்டிப்பா வேணாம்."

பெட்டியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஈரப் புல்லில் நடந்தே சுற்றி வந்தோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். கண்ணீர் நிற்கவேயில்லை, ஆனால் மனம் நிறைந்திருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். மிதிபட்ட புல் நிமிரத் தொடங்கியிருந்தது.

எல்லாரும் ஆசைப்படும்போது வேண்டாம் என்று சொல்கிற தைரியம் அவனுடையது. இனி அதை நான் வைத்துக்கொள்கிறேன். முதல் தடவையாக அதை எடுத்துப் பயன்படுத்தியதே அவன் பெட்டிக்கு முன்னால் நின்றுதான்.