என் கொழுந்தன் கண்டுபிடித்த புழு

என் கொழுந்தனுக்குத் தெருவில் புட்டி என்று பெயர். குடிகாரன் என்று நினைத்துவிட வேண்டாம். குடித்திருந்தால் கொஞ்சம் அடக்கமாக இருந்திருப்பான். புழுக்களை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுப் புட்டியில் அடைத்துச் சீட்டு ஒட்டுவது அவன் பிழைப்பு. ஆறு கடலில் சேருகிற இடத்தில், சேற்றை ஒட்டி இரண்டு அறை உள்ள ஆராய்ச்சிக்கூடம். முன்னறையில் அவனும் அலமாரிகளும். பின்னறையில் நானும் தொட்டிகளும். சேற்றைச் சல்லடையில் அலசிப் புழுவைத் தனியே எடுப்பது என் வேலை. அவன் சிபாரிசில் கிடைத்த வேலை அது. அதைச் சொல்லிக்காட்டாமல் அவன் ஒரு நாள்கூட என் கையால் டீ வாங்கிக் குடித்ததில்லை.

வளையம் வளையமாக உடம்புள்ள புழுக்கள் மட்டுமே அங்கே உண்டு. அவற்றுக்கு மூன்று அலமாரி. இரண்டு பக்கமும் வரிசையாகத் துடுப்புக்கால்களும் அவற்றில் கற்றை கற்றையாக முள்ளும் உள்ள சேற்றுப்புழு, கடல்புழு எல்லாம் முதல் அலமாரி. மண்புழு இரண்டாவது. அதற்கும் முள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, வாலிலிருந்து தலைப்பக்கம் விரலை ஓட்டினால் சொரசொரக்கும். முள்ளே இல்லாமல், இரண்டு முனையிலும் ஒட்டிக்கொள்கிற வாயோடு இருக்கிற அட்டை மூன்றாவது. அட்டையை வெளியே எண்ணினால் நூறு மடிப்பு வரும், உள்ளே அறுத்துப் பார்த்தால் முப்பத்துச் சொச்சம் அறைதான். வெளியே நூறு, உள்ளே முப்பது. இதைச் சொல்லிக்கொடுத்தவனே அப்படிப்பட்ட ஆள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் மேலதிகாரி, புழுப் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கிய டாக்டரம்மா, கடிதம் எழுதியிருந்தாள். அட்டைக்குத் தனி அலமாரி வேண்டாம், மண்புழுவோடு சேர்த்து வை, இரண்டும் ஒரே குடும்பம் என்று. இரண்டுக்கும் உடம்பில் இடுப்புப்பட்டை போல ஒரு தடிப்பு, இரண்டும் முட்டையைக் கூட்டில் வைக்கும், ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும். இவன் கேட்கவில்லை.

"ரத்தம் குடிக்கிறதும் மண்ணு திங்கிறதும் ஒரே குடும்பமா அண்ணி? கேக்கவே அசிங்கமா இருக்கு."

"ஏன் தம்பி, உங்க குடும்பத்துலயும் ரெண்டும் இருக்கே."

இரண்டு நாள் அவன் பின்னறைப் பக்கம் நகரவில்லை. அட்டையும் நகரவில்லை.

பதினோரு வருஷமாக அவன் தற்காலிகம்தான். கூடத்துக்குக் காப்பாளர் பதவி காலியானதும், அடுத்த மாதம் பிறந்தவுடன் டாக்டரம்மா நேரில் வந்து பார்த்து முடிவு செய்வாள் என்று தகவல் வந்தது. அவனுக்கு இல்லையென்றால் வேறு ஊரிலிருந்து படித்தவன் ஒருவன் வருவான். நாற்பத்தாறு வயதில் இவனுக்குப் புழுவை விட்டால் வேறு எதுவும் தெரியாது. ராத்தூக்கம் போயிற்று, அதிகாரம் மட்டும் குறையவில்லை.

அப்போதுதான் ஒருநாள் காலையில் படகுத்துறையில் வலை வீசி ஐந்து புழு பிடித்து வந்தான். ஒவ்வொன்றுக்கும் கடுகு கடுகாக நாலு கண். உடம்பின் பின்பாதி செக்கச்சிவந்து, கால்களெல்லாம் துடுப்புப் பலகை போலத் தட்டை. உலகத்தில் யாரும் பார்த்திராத புழு என்றான். சீட்டில் எழுதினான். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். புழுவின் பெயருக்குள்ளேயே தன் பெயரைச் செருகியிருந்தானாம்.

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நம்ம அப்பா பேரைக் காப்பாத்த ஒருத்தன் வருவான்னு பார்த்தேன். புழு வந்திருக்கு."

என் தொட்டி ஒன்றில் இருபது சேற்றுப்புழு கிடந்தன. தூண்டில்காரர்கள் இரைக்குத் தோண்டுகிற சாதாரணப் புழு. இவன் கொட்டச் சொன்னான், நான் கொட்டவில்லை. வாடிய கீரையைக் கிள்ளிப் போட்டால் வளைக்குள்ளிருந்து தலையை நீட்டி, கொறடு போன்ற பல்லால் கவ்வி உள்ளே இழுக்கும். நன்றாகத் தின்றுகொண்டிருந்த புழு ஒன்று திடீரென்று சாப்பாட்டை நிறுத்தியது. ஊசிமுனை மாதிரி இருந்த கண் உப்பியது. பின்பாதிக் கால்கள் தட்டையாகிச் சிவந்தன. முன்பாதி பழையபடியே. அவனைக் கூப்பிட்டு, எது என்றைக்கு மாறியதென்று சொன்னேன்.

லென்ஸை வைத்துப் பார்த்தவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று.

"அண்ணி, இது இன்னொரு புது வகை."

"போன வாரம் கீரை தின்னுட்டு இருந்த புழுதாம்ப்பா இது. பாதி மாறிடுச்சு. விட்டா மீதியும் மாறும், உன் படகுத்துறைப் புழு மாதிரியே ஆயிடும்."

"உங்களுக்கு எல்லாப் புழுவும் ஒண்ணுதான்."

"ஒண்ணா இருந்தா ஒண்ணுதானே."

"நீங்க தொட்டியைக் கழுவுங்க."

இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட்டில் போட்டான். சாதாரணப் புழுவிலும் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டான். அதையும் அவன் சும்மா விடவில்லை. வளையத்தில் இரண்டு குறைகிறதென்று அதற்கும் ஒரு புதுப் பெயர். வால் அறுந்தால் திரும்ப வளர்கிற புழுவுக்கு வளையம் குறையாமல் என்ன செய்யும்? அவன் கொட்டிவிடாமல் இருக்க நான் தொட்டியை ஈரச்சாக்கு போட்டு மூடி, தொட்டிமேடைக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

டாக்டரம்மா வந்த அன்று அவன் புதுச் சட்டை போட்டிருந்தான். பாதி மாறிய புழு நடுவில் வர, மூன்று புட்டியையும் வெள்ளைத்துணி விரித்து வைத்திருந்தான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நடுப் புட்டி எங்கே கிடைச்சுது?"

சேற்றில் என்று சொல்லியிருந்தால் அவன் பெருமை இன்னும் ஒரு மணிநேரம் பிழைத்திருக்கும். உண்மையைச் சொன்னான். "பின்னறைத் தொட்டியில மேடம்."

அவள் நேரே என்னிடம் வந்தாள். நான் சாக்கை விலக்கினேன். இரண்டு புழு முழுக்க மாறி, தண்ணீர்மேல் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன. நாங்கள் பார்க்கும்போதே ஒன்று முட்டையைப் புகைபோலக் கொட்டிவிட்டு, வெறும் தோலாக அடியில் போய்க் கிடந்தது.

"மூணும் ஒரே புழுதான்," என்றாள் அவள். "இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது கண்ணும் காலும் இப்படி மாறும். அந்தக் காலத்துல பெரிய படிப்புப் படிச்சவங்களே இதைத் தனிப் புழுன்னு நம்பி ஏமாந்திருக்காங்க. அவங்களாவது ஒரு தடவை ஏமாந்தாங்க. நீங்க ஒரே புழுவுக்கு மூணு பேரு வெச்சிருக்கீங்க. அதுல ஒண்ணு உங்க பேரு. தன் பேரைத் தானே வெச்சுக்கிற வழக்கம் எங்கயும் இல்லையே."

அவன் ஸ்பிரிட்டில் போட்டது போல வெளுத்துப்போனான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவள் நடுப் புட்டியைத் திருப்பி, பின்பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். அவனுக்கு ஒரு வியாதி உண்டு: எதற்கும் நாள் எழுதுவான். குழாயில் தண்ணீர் வராத நாளைக்கூட நாட்காட்டியில் குறித்துவைப்பான். டாக்டரம்மா உரக்க வாசித்தாள். இன்ன தொட்டி, இன்ன தேதியில் கீரையைத் தொடவில்லை, இன்ன தேதியில் கண் உப்பியது. கடைசி வரியில் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு வாசித்தாள்: "தொட்டி கழுவும் அண்ணி, இது பழைய புழுவேதான் என்கிறார்."

என்னை ஏளனம் செய்த கையோடு அதை எழுதியும் வைத்திருக்கிறான் பாவி.

"மண்டையால வெச்ச பேரு தப்பு," என்றாள் அவள். "கையால எழுதின குறிப்பு அத்தனையும் சரி. எனக்குக் கைதான் வேணும்." மூன்று சீட்டையும் சுரண்டிவிட்டு ஒரே பெயர் போட வேண்டும், தொட்டியை நான் தொடர வேண்டும், அட்டை இந்த வாரமே இடம் மாற வேண்டும். இவ்வளவுக்கும் தலையாட்டிவிட்டுக் காப்பாளர் ஆனான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் இருந்துச்சுண்ணா," என்று ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாம்பார்க் கரண்டியைப் பார்த்தேன்.

மறுநாள் அட்டை ஜாடிகளைக் காட்டி, "கொஞ்சம் தூக்கி மண்புழு அலமாரியில வைங்க அண்ணி," என்றான்.

"நீயே தூக்கிட்டுப் போ தம்பி. உன் சொந்தக்காரங்கதானே."

தூக்கிக்கொண்டு போனான்.