புகாருக்குப் போன சிவப்பு

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டில் நூலுக்குச் சாயம் போடுவார்கள். சாயம் ஏறிய நூலைக் காவிரிக்குத் தூக்கிப் போய் அலசுவது சின்ன வயதில் என் வேலை. நூல் கட்டை முக்கி எடுத்தால் சிவப்பு ஒரு முந்தானை போல நீண்டு, ஓட்டத்தோடு கிளம்பிப் போகும்.

புகார் நகரத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்த வருடம் அது. இதே காவிரி கடலில் சேரும் இடத்தில் கப்பல்கள், கொடிகள், துணி விற்கும் தெருக்கள். அதையெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது என்று பாடத்தில் இருந்ததை நான் நம்பவே இல்லை. தண்ணீருக்கடியில் நகரம் அப்படியே இருக்கிறது, நான் அனுப்பும் சிவப்பில்தான் அதன் கொடிகள் வெளுக்காமல் பறக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். மஞ்சள் அலசும் நாளில் அங்கே கல்யாணம்.

“அலசுனது போதும் சாமி, மேல வா” என்று அம்மா கத்தும்வரை ஆற்றிலேயே நிற்பேன்.

போன வருடம்தான் முதன்முதலாகப் பூம்புகார் போனேன். ஆறு கடலைத் தொடும் இடத்தில், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம், “பழைய ஊரு எந்தப் பக்கமுங்க இருந்துச்சு?” என்று கேட்டேன். கடலைக் காட்டினார். பிறகு ஆற்றின் பக்கம் திரும்பினார்.

“முன்ன இதுல நல்ல தண்ணி வரும். இப்ப மேல இருக்கிறவனுவ சாயத்தைக் கலந்து உடுறானுவ. நீங்க எந்த ஊரு?”

“சேலம் பக்கமுங்க” என்று சொல்லிவிட்டு, நாற்பது வருடத்துக்கு முன்பே சாயம் போய்விட்ட கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.