பொட்டு வைத்த பாட்டில்கள்

கடலோரத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி மிதக்கிறது. அதற்குள் இரும்பும் துத்தநாகமும் எவ்வளவு என்று அளப்பதுதான் சேலத்து ஆய்வகத்தில் என் வேலை. தண்ணீரை எப்போதும் வேறு யாராவது எடுத்து அனுப்புவார்கள். நான் படகில் காலே வைத்ததில்லை.

போன வருடம் படகில் போய்த் தண்ணீர் எடுத்துவர எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே ஓர் இடம் கிடைத்தது. கேட்டவர்கள் நானும், எனக்குப் பின்னால் சேர்ந்த, சேலத்தில் பணக்காரர்கள் வசிக்கும் ஃபேர்லேண்ட்ஸ் பகுதிப் பெண்ணும். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். எனக்கு வயிறு எரியும். அவள் கார், அவள் ஆங்கிலம், பேராசிரியர் அவளிடம் மட்டும் சிரித்துப் பேசுவது, எதுவுமே எனக்குப் பிடிக்காது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் யாருடைய பாட்டில்கள் சுத்தமாகத் தயாராக இருக்கின்றனவோ அவர் போகலாம் என்றார் பேராசிரியர்.

பாட்டில்களை ஒரு வாரம் அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, உறையில் போட்டு மூட வேண்டும். அதன்பிறகு வெறும் விரல் பட்டாலே போச்சு, கையிலிருக்கும் உலோகம் அளவையே கெடுத்துவிடும். என்னுடையவை முதலில் முடிந்தன. ஆய்வகத்தில் விட்டுவைத்தால் அவள் ஏதாவது செய்துவிடுவாள் என்று தோன்றியது. பெட்டியோடு எடப்பாடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடலுக்குப் போகிற பாட்டில்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. பூஜையன்று பூ வாங்கப் போய்த் திரும்பினால், தறிக்குப் பக்கத்தில் என் பாட்டில்கள் வரிசையாக நின்றன. உறையைப் பிரித்து, தறி துடைத்த துணியாலேயே உள்ளும் புறமும் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தாள் அம்மா.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கறே?”

“கடலுக்குப் போற சாமானப் பொட்டு வெக்காம உடலாமா சாமி? அதுக்குத்தான ஊட்டுக்குக் கொண்டாந்தே?”

பாட்டில்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன்.

மறுபடி ஊறவைக்க நாள் இல்லை. ஆய்வகத்தில் எல்லோர் முன்னும் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். ஃபேர்லேண்ட்ஸ் பெண் போவதென்று முடிவானது. கிளம்பும்போது, அந்தப் பாட்டில் பெட்டி இருந்த என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, அதுல ஒரு பாட்டில் குடுங்க. சும்மா பையில வெச்சுக்கறேன். அம்மா வெச்ச பொட்டு, துணைக்கு இருக்கட்டும்.”

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கொடுத்தேன்.

மறுநாள் படகிலிருந்து படம் அனுப்பினாள். பின்னால் கடல், கையில் பொட்டு வைத்த பாட்டில். அம்மா என் ஃபோனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“ஆரு சாமி இந்தப் புள்ள? தங்கமான புள்ளயா இருக்கும்போல” என்றாள்.

ஃபோனைப் பிடுங்கிக்கொண்டேன்.