சங்கையாவின் கிலோமீட்டர் கணக்கு

சங்கையா அண்ணாச்சியை அசட்டையான ஆள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மாட்டுப்பட்டிக்கு மேலே தேயிலை எஸ்டேட்டின் கடைசி டிவிஷனில் ஜீப் ஓட்டியவர் அவர். காலையில் வண்டியைத் துடைத்துப் பொட்டு வைக்காமல் சாவியைத் தொடமாட்டார். டயரில் சின்னக் கல் சிக்கினால்கூட உட்கார்ந்து நோண்டி எடுப்பார். மூணாற்றில் பட்டறை வைத்திருக்கிற எனக்கு இப்படி ஒருவர் வாய்ப்பது அபூர்வம். ஆனால் எழுதி வைத்ததை மீறமாட்டார். அதில்தான் எங்களுக்குள் சண்டை.

ஆயில் மாற்றியதும், அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று கதவின் உட்புறம் பெயிண்டில் எழுதிவிடுவது என் வழக்கம். அவர் மூணாறு தேவிகுளம் ரோட்டில் ஆள் ஏற்றிய காலத்தில் அது சரிப்பட்டது. பிறகு எஸ்டேட் ஓட்டத்துக்குப் போனார். அங்கே பதினைந்து பெண்களையும் கொழுந்துச் சாக்குகளையும் சுமந்துகொண்டு, நாள் முழுக்க ஃபஸ்ட் கியரில் உறுமுகிற வண்டி மீட்டரில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் காட்டும். எஞ்சின் படும் பாடு மீட்டருக்கு எங்கே தெரியும்? கிலோமீட்டரை விடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவர் கதவைத் திறந்து என் எழுத்தையே காட்டுவார்.

“நீ எழுதுனதுதான தம்பி. இன்னும் ரெண்டாயிரம் கெடக்குல்லா? நல்ல ஆயில எதுக்குக் கீழ ஊத்தணும்?”

அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பார், குறைந்திருந்தால் கொஞ்சம் ஊற்றிக்கொள்வார். ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. அந்த எழுத்தைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. பட்டுத்தான் திருந்தட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

கொழுந்தெடுக்கிற அவர் மனைவி ராமலட்சுமிக்கு இந்த வருஷம் எஸ்டேட்டில் ரிட்டயர்மென்ட். எஸ்டேட் தொழிலாளிகளுக்குத் தருகிற லைன் வீடு அந்த அம்மா பேரில் கிடைத்தது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் பிள்ளை ஒருவர் கொழுந்தெடுக்கப் பேர் கொடுக்க வேண்டும். இருப்பது ஒரே மகள் யோகப்பிரியா. பி.காம். முடித்தவள். அரசாங்க கிளார்க் வேலைக்குக் கேரளத் தேர்வாணையமான பி.எஸ்.சி. நடத்துகிற முதல் பரீட்சையில் தேறியிருந்தாள். இரண்டாவதிலும் தேறிவிட்டால் கீழே வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம், மகள் கூடை சுமக்க வேண்டாம் என்பது தகப்பனின் கணக்கு.

பரீட்சை ஒரு சனிக்கிழமை, தேவிகுளத்தில். ஒன்றரை மணிக்கு கேட்டை அடைத்துவிடுவார்கள். பதினோரு மணிக்கே மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஒரு ஓடையைத் தாண்டிய ஏற்றத்தில் எஞ்சின் சம்மட்டி அடிக்கிற மாதிரி சத்தம் போட்டது. ஏறி முடித்துப் பார்க்கலாம் என்று மிதித்தார். பாதியிலேயே எஞ்சின் இறுகி வண்டி நின்றுவிட்டது. போனில் ரேஞ்ச் இல்லை. வேறு வண்டி வருகிற பாதையும் இல்லை. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரை ஐந்து கிலோமீட்டர் ஓடினாள். அங்கே ஒரு ஆட்டோ கிடைத்தது. ஆனால் மாட்டுப்பட்டி அணைக்குப் பக்கத்தில் டூரிஸ்ட் கார்கள் நகராமல் நின்றன. தேவிகுளம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று நாற்பது. கெஞ்சிப் பார்த்தாள், உள்ளே விடவில்லை. சங்கையா சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மகள் எழுதிக்கொண்டிருப்பாள் என்ற நம்பிக்கையில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினின் அடியைக் கழற்றினேன். ஆயில் தார் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது, கரண்டியால் வழிக்க வேண்டியிருந்தது. பேரிங் உருகி ஒட்டிப்போயிருந்தது. அவர் கடையிலிருந்து புது ஆயில் டின் ஒன்று வாங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

“இத ஊத்துனா ஓடுமா தம்பி?”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. பட்டறையில் நாலு பேர் நின்றார்கள், அதையும் பார்க்கவில்லை.

“ஆயில் மாத்தாம எஞ்சின மட்டுமா கொன்னீங்க அண்ணாச்சி? அந்தப் பிள்ள பொழப்பையும் சேத்துல்ல கொன்னுட்டீங்க.”

அவர் டின்னை ஓரமாக வைத்துவிட்டு நடந்தே போனார். திறந்து கிடந்த ஜீப் கதவில் என் எழுத்து இருந்தது. அதைப் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தேன். என் மேல் நானே பட வேண்டிய கோபத்தை அவர் தலையில் கொட்டிவிட்டது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் யோகப்பிரியா வந்தாள். எஸ்டேட் ஆபீஸில் பேர் கொடுத்துவிட்டாளாம், நாளையிலிருந்து கொழுந்தெடுக்கப் போகிறாளாம். அழவில்லை. வீடாவது தங்கியதே என்றாள். என்னைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டாள்.

“அப்பா சோறு திங்க மாட்டேங்காக சித்தப்பா. எஞ்சின் பழசு, அதான் போச்சுன்னு சொல்லிருங்க. ஆயில் மாத்தாததால போச்சுன்னு மட்டும் அவுககிட்ட சொல்லிராதீங்க.”

சரி தாயி என்றேன். அவரிடம் அதை நான் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது.